தேங்காய்ப்பால் நிறத்தில் கியர் ஆயில்

பாகான் டத்தோவில் தேங்காய்ப்பாலைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் விழும் இந்த மூலையில் திரும்பிய பக்கமெல்லாம் தென்னை. அதற்குப் பின்னால் செம்பனை. ஆனால் அன்று காலை படகுத்துறையில், பாதியாக வெட்டிய தண்ணீர் போத்தலுக்குள் அந்த நிறம் இறங்கியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. தேன் நிறத்தில் நூல் பிடித்தாற்போல் ஒழுக வேண்டிய கியர் ஆயில், முதல் பாலாக வெளுத்துக் கெட்டியாக வந்தது. பக்கத்துப் படகில் வலையை உதறிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் எட்டிப் பார்த்து, “சந்தான்” என்றார். மலாயில் தேங்காய்ப்பாலுக்கு அதுதான் பெயர். நோயையும் அந்த ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட்டு, வலைக்குத் திரும்பிவிட்டார்.

படகின் பின்பலகையில் மாட்டும் இன்ஜினுக்கு உடம்பு மூன்று பகுதி. மேலே மூடிக்குள் இன்ஜின். நடுவே நீண்ட கால். தண்ணீருக்குள் இருக்கும் பாதத்தில் கியர் பெட்டி. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டு தன் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரத்தைச் சுமந்து வரும். அது படுத்திருக்கும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். சுழற்சி தொண்ணூறு பாகை திரும்பி, வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, விசை கூடி, இங்கே எல்லோரும் கிப்பாஸ் என்று சொல்லும் புரொப்பெல்லருக்குப் போகிறது. இத்தனையும் ஒரு பெரிய மாங்காய் அளவு அலுமினியக் கூட்டுக்குள், ஆயிலில் மூழ்கியபடி நடக்கிறது. கூட்டுக்கு வெளியே உப்புத் தண்ணீர். தண்டு வெளியே வரும் ஓட்டையில் உள்ளேயும் வெளியேயும் கலக்காமல் பார்த்துக்கொள்வது, கைவிரல் மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு ரப்பர் வளையம். பெயர் ஆயில் சீல். தெலுக் இந்தான் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

முதலில் அந்த வெள்ளை நிறத்தை முடித்துவிடுவோம். ஆயிலுக்கு வெள்ளை நிறம் கிடையாது, தண்ணீருக்கும் கிடையாது. சுழலும் பல்சக்கரம் இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது தண்ணீர் மைக்ரான் அளவுத் துளிகளாக உடைந்து ஆயிலுக்குள் சிதறுகிறது. ஆயிலில் ஒளி வளையும் அளவு ஏறக்குறைய 1.48, தண்ணீரில் 1.33. இந்த வேறுபாட்டால் ஒவ்வொரு துளியின் விளிம்பிலும் ஒளி திசை மாறுகிறது. கோடிக்கணக்கான துளிகளில் பட்டுத் திரும்பி எல்லா நிறமும் கலந்தே வெளியே வருவதால் நம் கண்ணுக்கு வெள்ளை. தேங்காய்ப்பாலிலும் நடப்பது இதுவே, இடம்தான் மாறியிருக்கிறது: அங்கே தண்ணீருக்குள் எண்ணெய்த் துளி, இங்கே எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளி. கடல் இன்ஜினுக்கென்று விற்கும் கியர் ஆயிலில், உள்ளே வந்த தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கி இரும்பை அரிக்காமல் கலந்தே இருக்கட்டும் என்று அதற்கான ரசாயனத்தையும் சேர்க்கிறார்கள். கொஞ்ச நாள் சமாளிக்கும். ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே தாங்கி நிற்பது ஒரு மைக்ரானுக்கும் மெலிதான ஆயில் படலம். அதில் தண்ணீர் புகுந்தால் பல்லோடு பல் உரசும். பேரிங்கில் துரு பூக்கும். ஒருநாள் கடலின் நடுவே கடகடவென்று சத்தம் வரும். பிறகு சத்தமே வராது.

எனக்கு விளங்காதது வேறு. அந்த சீலை நானே மூன்று வாரம் முன்புதான் மாற்றியிருந்தேன். சைக்கிள் பம்பால் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கி, பஞ்சர் ஒட்டுபவர் டியூப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. பிறகு தண்ணீர் எந்த வழியாக வந்தது?

சீலைத் தக்கை என்று நினைத்திருந்தேன். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். ரப்பர் உதடு தண்டை இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் எதுவும் கசியாது என்பது நம் கணக்கு. ஆனால் 20 மில்லிமீட்டர் தண்டு நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றும்போது அதன் மேற்பரப்பு விநாடிக்கு 2.6 மீட்டர் ஓடுகிறது. மனிதர் மெதுவோட்டம் ஓடும் வேகம். ரப்பரை உலர்ந்த இரும்பில் அந்த வேகத்தில் தேய்த்தால் சில நிமிடத்தில் கருகிவிடும். சீலோ பல நூறு மணி நேரம் தாங்குகிறது. ஏன் என்று 1957-இல் இங்கிலாந்தில் ஜாகர் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். உதடு தண்டைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது, உதடு அதன் மேல் மிதக்கிறது. அதாவது சீல் வேலை செய்ய வேண்டுமானால் அதற்குள் கொஞ்சம் ஆயில் புகுந்தே ஆக வேண்டும்.

புகுந்த ஆயில் ஏன் மறுபக்கம் வழியவில்லை? இந்த இடம் எனக்கு மிகப் பிடித்தது. உதட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கச் சரிவும் ஒன்றுபோல் இருக்காது. ஆயில் பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு. உதட்டைச் சுற்றி ஒரு மெல்லிய சுருள்வில் அணைத்திருக்கும். தண்டு ஓடத் தொடங்கியதும் ரப்பர் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இழுபட்டுச் சாய்கின்றன. சரிவுகள் சமமில்லாததால் அவை சாய்வதும் சமமில்லை. விளைவாக, படலத்தில் உள்ள திரவம் சாய்வான பக்கத்திலிருந்து செங்குத்தான பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. வாசலில் படுத்திருக்கும் காவல்காரர் என்று நினைத்தவர், வெளியே வருபவர்களை ஓயாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். சீல் ஒரு பம்பு. பல்லோ இறகோ இல்லாத பம்பு.

பம்புக்குத் திசை உண்டு. இதைத்தான் நான் மறந்திருந்தேன்.

என் இன்ஜினின் கிப்பாஸ் தண்டில் இரண்டு சீல்கள். ஒன்றின் உதடு உள்ளே ஆயிலைப் பார்க்க வேண்டும், மற்றதன் உதடு வெளியே தண்ணீரைப் பார்க்க வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரட்டைக் காவல். இது எல்லா இன்ஜினுக்கும் பொதுவிதி அன்று, சில மாடல்களில் இரண்டுமே வெளியே பார்க்கும். அதனால்தான் பழையதைப் பிடுங்குமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஐம்பது வயது தாண்டிய அந்தக் கியர் பெட்டியைத் திறந்த பெருமையில் நான் படம் எடுக்கவில்லை. இரண்டையும் உள்ளே பார்க்கும்படி, வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள்போல அழகாக அடித்து இறக்கினேன்.

உத்தான் மெலிந்தாங்கில் படகு இன்ஜின் பார்க்கும் ஓர் அண்ணனிடம் கியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நாற்பது வருடமாக இதே வேலை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “காத்து அடிச்சியே தம்பி, உறிஞ்சிப் பார்த்தியா?” என்றார்.

“இல்லண்ணே.”

“ஓடும்போது எல்லா பெட்டியும் ஒழுங்காத்தான் இருக்கும். நிக்கும்போதுதான் தண்ணி குடிக்கும்.”

முதலில் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது விளங்கியது. கியர் பெட்டி நீருக்குக் கீழே அரை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அந்த ஆழத்தில் தண்ணீர் தரும் கூடுதல் அழுத்தம் வளிமண்டலத்தில் இருபதில் ஒரு பங்கு. பெரிதில்லை. ஆனால் ஓடும்போது பெட்டி சூடாகிறது, உள்ளே உள்ள ஆயிலும் காற்றும் விரிகின்றன. தேய்ந்த உதடு, பழைய வாஷர் என்று ஏதோ ஓர் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வெளியேறிவிடும். பிறகு இன்ஜினை நிறுத்துகிறோம். சுற்றிலும் 30 பாகைத் தண்ணீர். உள்ளே 70 பாகை இருந்தது என்று வைத்துக்கொண்டால், குளிரும்போது காற்றின் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் குறையும் அளவுக்கு இடமுண்டு. ஆழம் தரும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆயிலும் சுருங்குகிறது. 400 மில்லி ஆயில் 40 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய 11 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கு மேல், இடம் காலியாகும். வெளியே போன காற்றின் இடத்தை நிரப்ப எதையாவது இழுக்க வேண்டும். சுற்றிலும் இருப்பது ஆற்றுத் தண்ணீர். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் சில துளி.

காற்றடித்துச் சோதித்தபோது அழுத்தம் உள்ளிருந்து வெளியே வந்தது. உள்ளே பார்க்கும் உதடுகளை அது தண்டோடு சேர்த்து அழுத்தியது, இறுக்கியது. இரண்டு சீலும் அதே திசை என்பதால் முதல் வகுப்பில் தேர்ச்சி. உறிஞ்சிப் பார்த்திருந்தால் அதே உதடுகள் கதவுபோல் திறந்திருக்கும். அண்ணனின் கை பம்பு அதைப் பத்தே விநாடியில் காட்டியது, முள் விறுவிறுவென்று இறங்கியது. இதற்கு மேல் இன்னொன்று. உள்ளே பார்க்கும் சீல், ஓடும்போது வெளிப்பக்கத்துத் திரவத்தை உள்ளே தள்ளும் என்று பார்த்தோம் அல்லவா? அதன் வெளிப்பக்கத்தில் கிரீஸும் மறுதிசை பார்க்கும் இரண்டாவது சீலும் இருக்க வேண்டிய இடத்தில், என் புண்ணியத்தில், தண்ணீர் இருந்தது. ஆக, அண்ணன் சொன்ன பெட்டிகள் நிற்கும்போது மட்டும் குடிக்கும். நான் அடைத்த பெட்டி ஓடும்போதும் குடித்தது.

இந்த வளையத்தின் பிறப்பில் பேராக்காரர்களுக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. பால்மரம் மலாயாவில் வேர் பிடித்த கதையில் இந்த ஆறுதான் முதல் வரி. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் 9 கன்றுகள் இதே பேராக் ஆற்றங்கரையில், கோலகங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. ஆற்றோடு கீழே வந்தால் உத்தான் மெலிந்தாங் அருகே, டேனிஷ் பொறியாளர் ஆகெ வெஸ்டென்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம். கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகள் இருட்டில் எழுந்து மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சுமந்து உலகத்தின் சக்கரங்களுக்கு அனுப்பிய மாநிலம் இது. அந்தக் கித்தாவால், அதாவது இயற்கை ரப்பரால், ஓர் ஆயில் சீல் செய்ய முடியாது.

சோதித்துப் பார்க்க விரும்புவோர் ஒரு சாதாரண ரப்பர் பேண்டை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் அது வீங்கி, வழுவழுத்து, இழுத்தால் அறுந்துபோகும் பதத்தில் இருக்கும். பால்மரத்தின் ரப்பர் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலி. கனிம எண்ணெயும் அதே இனம். ஒரே இனம் என்பதால் எண்ணெய் மூலக்கூறு ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே உறவுக்காரர் வீட்டில் நுழைவதுபோல் நுழைந்து உட்கார்ந்துவிடும். அதனால் பழைய சீல்கள் ரப்பரில் செய்யப்படவில்லை, தோலில் செய்யப்பட்டன. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849-இல் தோல் பதனிடும் தொழிலாகத் தொடங்கிய ஃபிராய்டன்பெர்க் நிறுவனத்தில்தான் வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் உலோகக் கூட்டுக்குள் தோல் உதட்டை வைத்துச் சீல் செய்தார். ஜெர்மானியர் இன்றும் ஆயில் சீலை ‘சிம்மர் வளையம்’ என்றே அழைக்கிறார்கள். தோலின் இடத்தைப் பிடித்தது 1930-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கோன்ராடும் சுங்கூரும் உருவாக்கிய நைட்ரைல் ரப்பர். அதன் சங்கிலியில் நைட்ரஜன் தாங்கிய தொகுதிகள் இடையிடையே தொங்கும். மின்னேற்றம் ஒருபக்கம் சாய்ந்த அந்தத் தொகுதிகளோடு எண்ணெய்க்கு ஒட்டுறவு இல்லை. எனவே எண்ணெய் வெளியே நிற்கிறது.

ஆனால் கித்தாவை இன்ஜினிலிருந்து முழுதாகத் துரத்திவிட்டதாக நினைக்க வேண்டாம். இழுபட்டுத் திரும்பவும் பழைய வடிவுக்கு வருவதில், அதிர்வை மறுபடி மறுபடி தாங்குவதில் இயற்கை ரப்பருக்கு இன்னமும் மதிப்பு உண்டு. இன்ஜின் அதிர்வு படகுக்கும் கைப்பிடிக்கும் ஏறாமல் தாங்கும் மெத்தைக் கட்டைகள் அதன் ராஜ்ஜியம். ஆயில் படாத இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

படகின் முதுகில் இன்ஜினைத் தொங்கவிடும் யோசனையை வியாபாரமாக்கியவர்களில் பெரிய பெயர் ஓலெ எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் பட்டறை வைத்திருந்தவர். 1909-இல் அவர் விற்ற இன்ஜின் ஒன்றரைக் குதிரை சக்தி, எடை 28 கிலோ. காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுப் போய், திரும்பி வருமுன் அது உருகிவிட்ட எரிச்சலில் பிறந்த யோசனை என்று ஒரு கதை சொல்வார்கள். நம்ம ஊர் வெயிலில் எந்த இன்ஜினாலும் அந்த ஐஸ்கிரீமைக் காப்பாற்றியிருக்க முடியாது. யமஹா 1960-இல்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தது. இன்று பாகான் டத்தோ துறையில் நின்று எண்ணினால் ஜப்பானியப் பெயர்களே அதிகம் கண்ணில் படும்.

சீலே இல்லாமல் காலம் தள்ளிய ஓர் இன்ஜினும் உண்டு. 1930களில் வால்வர்ஹாம்டனில் தொடங்கிப் பின்பு பூல் நகரில் வேரூன்றிய பிரிட்டிஷ் சீகல். அதன் பெரும்பாலான பழைய மாடல்களில் கிப்பாஸ் தண்டு வெறும் வெண்கல புஷ்ஷுக்குள் சுழலும், ரப்பர் வளையம் கிடையாது. பாகுபோன்ற எஸ்.ஏ.இ. 140 ஆயிலை ஊற்றுவார்கள். ஆயில் மெல்ல வெளியேறும், தண்ணீர் மெல்ல உள்ளே வரும், பெட்டிக்குள் சந்தான் சாதாரண நிலை. மெதுவாகச் சுழலும் பெரிய பற்கள் என்பதால் அதையும் தின்று சீரணித்தன. கசியும் ஆயிலை ஆறு குடித்தது என்பதை அந்தக் காலத்தில் யாரும் கணக்கில் வைக்கவில்லை. இன்றைய பழம்பொருள் பிரியர்கள் இதைப் பொறியியல் ஞானம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இறால் வாழும் ஆற்றில் ஆயில் விட்டுக்கொண்டு போவது ஞானத்தில் சேராது.

மீண்டும் வேலைக்கு வருவோம். அண்ணன் பெரும்பாலும் என்னையே செய்ய வைத்தார், அவர் முக்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்தார்.

கிப்பாஸைக் கழற்றியதும் கண்ணில் பட்டது, தண்டில் சுற்றிக் கிடந்த தங்கூஸ். அறுந்த தூண்டில் நூல், வலைத் துண்டு, எதுவானாலும் சுழலும் தண்டு இழுத்துச் சுற்றிக்கொள்ளும். உராய்வில் சூடேறி, கத்திபோல் சீலின் உதட்டுக்குள் புகும். வருடத்துக்கு ஒருமுறையாவது கிப்பாஸைக் கழற்றிப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

அடுத்தது சேறு. இந்த முகத்துவாரத்தின் தண்ணீர் பால் கோப்பி நிறம். மலையிலிருந்து நானூறு கிலோமீட்டர் வரும் ஆறு கரைத்துக்கொண்டு வரும் வண்டலில் குவார்ட்ஸ் துகள் உண்டு. அது இரும்பைவிடக் கடினம். ரப்பர் உதட்டில் துகள் பதிந்து உட்கார்ந்துகொண்டால் உதடு உப்புத்தாளாகிவிடும். மெத்தென்ற ரப்பர் தப்பிக்கும், தேய்வது இரும்புத் தண்டு. என் தண்டில் நகத்தை ஓட்டிய அண்ணன் ஓரிடத்தில் நிறுத்தினார். மெல்லிய பள்ளம், மோதிரத் தழும்புபோல. அதே இடத்தில் புது சீலை உட்கார வைத்தால் முதல் நாளிலிருந்தே கசியும். பள்ளம் ஆழமானால் கால் மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு உறையைத் தண்டின் மேல் ஏற்றுவார்கள். என்னுடையதற்கு அது வேண்டியிருக்கவில்லை, சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால் போதும் என்றார்.

தண்டை உப்புத்தாளால் மெருகேற்றும்போது கையைத் தட்டிவிட்டார். நான் தேய்த்தபடியே நீளவாக்கில் நகர்ந்துகொண்டிருந்தேன். அப்படித் தேய்த்தால் திருகின் மரைபோல் சுருள்கீறல் விழும். சுழலும்போது அந்த மரை ஆயிலை வெளியே ஓட்டும், அல்லது தண்ணீரை உள்ளே. ஒரே இடத்தில் நின்று வட்டமாகத் தேய்க்க வேண்டும்.

கூட்டில் பிடிவாதமாக நின்ற சீலைக் கழற்ற அவர் சுத்தியை எடுக்கவில்லை, சூடான காற்றூதியை எடுத்தார். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 30 மில்லிமீட்டர் ஓட்டையை 80 பாகை சூடாக்கினால் அது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அகலும். பிடி விடுவதற்கு அது போதும். புது சீலை இறக்கும்போது தண்டின் பல்வரிகளில் மெல்லிய டேப் சுற்றினார், கூர்முனை உதட்டைக் கிழிக்காதிருக்க. உதட்டில் கிரீஸ். இரண்டு முதுகுக்கும் நடுவே உள்ள இடத்தையும் கிரீஸால் நிரப்பினார். சீலின் வெளிவிட்டத்துக்குச் சற்றுச் சிறிய சாக்கெட்டை மேலே வைத்து, சாயாமல், நிதானமாகத் தட்டி இறக்கினேன். முதல் சீல் உள்ளே பார்த்தது. இரண்டாவது வெளியே பார்த்தது. படம் எடுத்துக்கொண்டேன்.

பழைய ஜான்சன், எவின்ரூட் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சில மாடல்களில் வடிகால் திருகின் பக்கத்திலேயே கூட்டல் குறித் தலையுள்ள இன்னொரு திருகு இருக்கும். அது ஆயிலுக்கானது அன்று. உள்ளே கியர் மாற்றும் நெம்புகோலின் அச்சு அதுதான். கழற்றிவிட்டால் உள்ளே பாகம் நழுவிவிடும், பிறகு முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டிவரும்.

இந்த முறை காற்றும் அடித்தோம், உறிஞ்சியும் பார்த்தோம். முள் அசையவில்லை. ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றினார், மேல்துளையில் குமிழி இல்லாமல் ஆயில் எட்டிப் பார்க்கும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். மேல்திருகை முதலில் மூடிவிட்டுத்தான் கீழே பம்பை எடுக்க வேண்டும். மேலே மூடிய போத்தலிலிருந்து தண்ணீர் கொட்டாததுபோல் ஆயிலும் நிற்கும், கீழ்த்திருகைப் போடும் நேரத்துக்கு. இரண்டு வாஷரும் புதிது. அதில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது அண்ணனின் கட்டளை.

ஒரு மாதம் ஓட்டினேன். கூட்டாளிகளோடு புலாவ் செம்பிலான் பக்கம் போனேன், சதுப்புக் கால்வாயில் நண்டுக்குப் போனேன், இரவெல்லாம் இன்ஜினின் காலைத் தண்ணீரிலேயே விட்டுவைத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மாலை இன்ஜினைக் கழற்றி நிமிர்த்தி நிறுத்தி, மறுநாள் காலை வரை தொடவில்லை. கலக்காமல் மிஞ்சிய தண்ணீர் இருந்தால் அது ஆயிலைவிடக் கனம், இறங்கி அடியில் சேரும், கீழ்த்திருகைத் தளர்த்தினால் முதலில் வருவது அதுதான். அதே வெட்டிய போத்தலைப் பிடித்துக்கொண்டு திருகை அரைச் சுற்றுத் திருப்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு துளி திரண்டு, நீண்டு, விழாமல் தொங்கியது. தேன் நிறம். திருகின் நுனியில் ஒட்டியிருந்த சாம்பல் நிற இரும்புப் பொடியை விரலால் துடைத்தேன். பக்கத்துப் படகுப் பெரியவர் இந்த முறை எட்டிப் பார்க்கவில்லை.